பனித்தீவு ரெண்டில் விளக்கறை இல்லை

கொச்சி மட்டாஞ்சேரியில் ராமர் வைத்திருந்த வீடியோ கேம் கடைக்குள் அஜீஷ் இனிமேல் கால் வைக்கக் கூடாது என்று ராமரே சொல்லிவிட்டான். அன்று சாயங்காலத்துக்குள் அந்தச் செய்தி படகுத்துறை வரைக்கும் போய்விட்டது. முதலில் யாரும் நம்பவில்லை. அஜீஷ் எலக்ட்ரீஷியன். அந்தக் கடையின் ஒவ்வொரு வயரையும் இழுத்தவன் அவன். கரண்ட் போனாலும் ஆட்டம் நின்றுவிடக் கூடாது என்று ஒரு பழைய பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் எங்கிருந்தோ தூக்கிக்கொண்டு வந்து பொருத்திக் கொடுத்தவனும் அவன்தான்.

"அவன் கால் வைக்கக் கூடாது, சரி. அவன் போட்ட லைட்டை மட்டும் எதுக்கு எரிய விட்டிருக்கே?" என்று ஆட்டோ ஓட்டும் பிச்சைமணி கேட்டார்.

ராமர் எழுந்து போய் விளக்கை அணைத்தான். பிறகு இருட்டில் நாற்காலி காலில் இடித்துக்கொண்டு, திரும்பவும் போட்டான்.

இத்தனைக்கும் சண்டை ஒரு சிடியைப் பற்றியது.

1999 மழைக்காலத்தில் ராமர் கடையைத் திறந்தான். கார்ப்பரேஷன் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். அவன் அப்பாவும் சித்தப்பாவும் கொச்சியின் தெருக்களைக் கூட்டியவர்கள். அவன் மனைவி காளியம்மைக்கும் கார்ப்பரேஷனில் அதே வேலை. அஜீஷ் பக்கத்துத் தெரு மலையாளி. ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. கடை திறந்த புதிதில் மழைக்குப் பயந்து யாரும் வராத நாட்களில், வேலை முடிந்ததும் அஜீஷ் வந்து ராமருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான். காலியாக இருக்கும் கடையில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய உதவி என்பது கடை வைத்தவர்களுக்குத்தான் தெரியும்.

பிராட்வே பக்கத்தில் ராமர் வாங்கி வந்த முதல் சிடிகளில் ஒன்றின் மேல் ஜப்பான் எழுத்து இருந்தது. படிக்க யாருக்கும் தெரியாது. போட்டுப் பார்த்தால் பனி மூடிய ஒரு தீவு. ஆளில்லாத வீடுகள். ஒரு மனிதன் கையில் துப்பாக்கியோடு தனியாக நடக்கிறான். பனிக்குள்ளிருந்து என்னென்னவோ வருகின்றன. அதற்குப் பனித்தீவு என்று அவர்களே பெயர் வைத்தார்கள். அந்த மனிதனுக்குத் தங்கப்பன் என்று பெயர் வைத்தது அஜீஷ். அவன் மாமா ஒருவர் அப்படித்தான் தோளைக் குறுக்கிக்கொண்டு நடப்பாராம்.

அந்த ஆட்டத்தைத் தனியாக ஆட இருவருக்கும் தைரியம் இல்லை. அதனால் ஒரு முறை உண்டாயிற்று. ஒருவன் கை, இன்னொருவன் கண். கையாக இருப்பவன் ரிமோட்டைப் பிடிப்பான். கண்ணாக இருப்பவன் டி.வி.யின் மூலைகளைப் பார்த்துக்கொண்டே இருப்பான். "இடது பக்கம் நிழல்." "நில்லு, மாடியில சத்தம்." "இப்பப் போ." பின்னாளில் அந்தக் கடைக்கு வந்த எல்லோரும் அப்படித்தான் ஆடினார்கள். தனியாக வந்தவனுக்கும் யாராவது கண்ணாக உட்கார்ந்துவிடுவார்கள்.

பனித்தீவில் ஒரே ஒரு நல்ல இடம் இருந்தது. கலங்கரை விளக்கத்தின் அடியில் ஒரு சின்ன அறை. உள்ளே ஒரு ராந்தல் எரியும். கதவைச் சாத்திவிட்டால் எதுவும் வராது. மெல்ல ஒரு இசை கேட்கும். தாலாட்டு போலவும் இருக்கும், கோயில் பிராகாரத்தில் தூரத்திலிருந்து கேட்கும் நாதஸ்வரம் போலவும் இருக்கும். ஆட்டத்தைச் சேமித்து வைப்பதும் அங்கேதான். அதை விளக்கறை என்றார்கள். அங்கே போய்ச் சேர்ந்ததும் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு இருவரும் சாயா குடிப்பார்கள். பயந்து நடுங்கி வந்த பிறகு குடிக்கிற அந்தச் சாயாவுக்கு ஒரு தனி ருசி இருந்தது.

இரண்டாம் பாகம் 2002-இல் வந்தது. சிடி கைக்கு வந்த அன்று ராமர் அதைக் குடியிருப்பின் காளியம்மன் கோயிலில் வைத்து, தேங்காய் உடைத்து, குங்குமம் வைத்துக் கொண்டுவந்தான். டி.வி.க்கு மாலை போட்டான். எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினான்.

"எடா, தங்கப்பனுக்குக் கல்யாணமா?" என்றான் அஜீஷ்.

"சும்மா இருடா. மூணு வருஷம் காத்திருந்தது."

கடை நிறைய ஆட்கள். ராமர் கை, அஜீஷ் கண். சில நாட்களில் ஆட்டத்தை முடித்தார்கள். முடிவில் தங்கப்பன் ஓடி ஓடித் துறைக்கு வருகிறான். அதற்குள் படகு புறப்பட்டுப் போய்விடுகிறது. அவன் கரையில் தனியாக நிற்கிறான். திரை கறுக்கிறது. ஜப்பான் எழுத்து வருகிறது.

எல்லோரும் அஜீஷைப் பார்த்தார்கள். அந்தக் கடையில் எந்த ஆட்டத்துக்கும் அவன் சொல்வதுதான் தீர்ப்பு.

"கொள்ளாம், பரவாயில்லை," என்றான் அவன். "ஆனா பழசு இல்லை."

"என்ன பழசு இல்லை? மழை பார்த்தியா? மணல்ல நடந்தா ஒரு சத்தம், பலகையில நடந்தா ஒரு சத்தம். இதெல்லாம் பழசுல இருந்துச்சா?"

"சத்தம் நல்லாத்தான் இருக்கு. பயம் எங்கடா? கதவைத் தொட்டா டப்புனு திறக்குது. பழசுல கதவு மெல்ல மெல்லத் திறக்கும். உள்ள என்ன இருக்குமோன்னு நீ என் சட்டையைப் பிடிச்சுப்பே."

"நான் எப்ப பிடிச்சேன்?"

"ரெண்டு பட்டன் போயிருக்கு எனக்கு. அம்மாட்ட கேளு."

கடையே சிரித்தது. ராமர் மட்டும் சிரிக்கவில்லை.

"தங்கப்பனைப் பாருடா. அடி பட்டா வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நொண்டுறான். பழசுல மரப்பாச்சி மாதிரி நின்னான். இப்ப மனுஷனாயிட்டான்."

"அது சரி. அதை ஒத்துக்கிறேன். ஆனா குண்டு? பழசுல ஒரு குண்டு கிடைச்சா கண்ணுல ஒத்திக்குவோம். இதுல சந்தையில மத்தி கொட்டின மாதிரி கிடக்கு. கையில அவ்வளவு குண்டு இருந்தா யாருக்குப் பயம் வரும்? எது வந்தாலும் சுடு, சுடு. மதி, போதும், அதையும் விடு. விளக்கறை எங்கே?"

ராமரும்தான் அதைத் தேடியிருந்தான்.

"விளக்கறை இல்லாம என்ன பனித்தீவு? ஓடுறான், சுடுறான், ஓடுறான். உட்கார ஒரு இடம் இல்லை. கடைசியில படகும் போயிடுது. இதுவும் ஒரு முடிவா?"

"உனக்குப் புரியலை."

"உனக்குப் புரிஞ்சுதா? ஜப்பான்காரனுக்குப் பிறந்தவனா நீ? புதுசு வந்தா நல்லதுன்னுதான் சொல்வே. நீ கடைக்காரனாயிட்டேடா ராமரே."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் கடைக்குள் மாலை போட்ட டி.வி.யின் முன்னால், அத்தனை பேர் சிரிப்புக்கு நடுவில், அது வேறு மாதிரி விழுந்தது. சொன்னவனுக்கே சொன்னபிறகுதான் தெரிந்தது. ராமர் எழுந்து நின்றான்.

"வெளிய போ. இனிமே என் கடைக்குள்ள நீ கால் வைக்கக் கூடாது."

அஜீஷ் செருப்பை மாட்டிக்கொண்டு, வாசல் சாக்கடைமேல் போட்டிருந்த சிமெண்டுப் பலகையைத் தாண்டிப் போய்விட்டான்.

அதன் பிறகு இருவருக்கும் நடுவில் பிச்சைமணியின் ஆட்டோ ஓடியது. அவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொச்சிக்கு வந்தவர். நல்ல மனிதர். எந்த ஆட்டமும் ஆடத் தெரியாது. ஆனாலும் இரண்டு பக்கத்துச் செய்தியையும் ஒரு சொல் விடாமல் சுமந்தார்.

"தம்பி, அஜீஷ் சொல்றான். ரெண்டுல எதிரி ஜாஸ்தியாம். ஆனா எல்லாத்துக்கும் ஒரே மூஞ்சியாம்."

"பழசுல மூஞ்சியே தெரியலைன்னு சொல்லுங்கண்ணே."

மறுநாள்: "மூஞ்சி தெரியாததுதான் பயமாம்."

"அவன் கண்ணுல கோளாறுன்னு சொல்லுங்க."

"அது இருக்கட்டும். இந்தத் தங்கப்பன் எந்த ஊரு? ரெண்டு பேரும் இப்படி அடிச்சுக்கிறீங்களே, அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசினா முடிஞ்சிடாதா?"

ஒரு நாள் வேறு மாதிரிச் செய்தி வந்தது. "பேட்டரிக்கு வெள்ளம் ஊத்தினானான்னு கேட்டான்."

மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பேட்டரியைத் திறந்து தண்ணீர் அளவு பார்ப்பது அஜீஷின் வேலை. ராமருக்கும் அது தெரியாத வித்தையல்ல. கடையில் டிஸ்டில்ட் வாட்டர் பாட்டில் இருந்தது.

"ஊத்தலைன்னு சொல்லுங்க," என்றான் ராமர்.

"ஊத்திடேன்பா."

"ஊத்த மாட்டேன்."

குறை சொல்லி அனுப்புகிறவரை உறவு அறுந்துவிடவில்லை. ஒருவரைப் பற்றி ஒருவர் ஒன்றுமே கேட்காமல் இருப்பதுதான் பயப்பட வேண்டியது. ஜூன் மாதம் மழை பிடித்த பிறகு பிச்சைமணி எந்தச் செய்தியும் இல்லாமல் வெறுங்கையாக வரத் தொடங்கினார். ஒரு நாள் ஆட்டோவை நிறுத்தி, இறங்காமலே சொன்னார்.

"அஜீஷுக்கு விசா வந்திருக்கு. ஷார்ஜா. வெள்ளிக்கிழமை நெடும்பாசேரியில ஃப்ளைட்."

ராமர் ரிமோட்டின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றி முடித்தான். அவிழ்த்து, மறுபடியும் சுற்றினான்.

"எத்தனை வருஷம்?"

"யாருக்குத் தெரியும்? போனவன் எல்லாம் சொல்லிட்டா போறான்?"

அன்று வீட்டில் காளியம்மை மீன்குழம்பு வைத்திருந்தாள். ராமர் சரியாகச் சாப்பிடவில்லை.

"நீங்க போய்ப் பாருங்க," என்றாள்.

"அவன் வரட்டும்."

"வரக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. வரலாம்னு யார் சொல்றது? பிச்சைமணி அண்ணனா?"

ராமர் கை கழுவ எழுந்தான்.

காளியம்மை தினமும் விடிவதற்குள் எழுந்து, விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுத் தெருவுக்குப் போகிறவள். அவள் வேலையில் ஒரு வழக்கம் இருந்தது. கூட்டிக்கொண்டிருக்கும்போது எதிரில் யாராவது நடந்து வந்தால், துடைப்பத்தைத் தரையோடு தாழ்த்தி, ஓரமாக ஒதுங்கி நிற்பாள். அவர் கடந்து போன பிறகுதான் அடுத்த வீச்சு. வருகிறவர் பள்ளிவாசலுக்குப் போகிறவராக இருக்கலாம், மிளகுக் கிடங்குக்குப் போகிற சுமைக்காரராக இருக்கலாம், குடித்துவிட்டுத் தள்ளாடுகிறவராகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் அவர்மேல் தூசி படக் கூடாது. "இப்படி நின்னு நின்னு கூட்டினா எப்ப முடிப்பே?" என்று சூப்பர்வைசர் சத்தம் போடுவார். அவர் நடந்து வரும்போதும் அவள் துடைப்பத்தைத் தாழ்த்தித்தான் நிற்பாள். அதற்கு மேல் அவரால் ஒன்றும் சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து மழை. வளைகுடாவுக்குப் புறப்படுகிறவர்கள் அன்றைக்கு அக்கம்பக்கத்து வீடுகளிலும் கடைகளிலும் ஏறி இறங்கி, போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்வது அந்த ஊர் வழக்கம். யாத்திரை சொல்வது என்பார்கள். யாத்திரை சொல்லாமல் விட்ட வீடு, உறவு முடிந்த வீடு என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். அது ராமருக்குத் தெரியும். அஜீஷுக்கும் தெரியும்.

மத்தியானம் கடையில் ஆளில்லை. வேலை முடித்து, குளித்து, ஈரத்தலையோடு காளியம்மை சாயா கொண்டுவந்தபோது ராமர் பனித்தீவு ரெண்டைத் தனியாக ஆடிக்கொண்டிருந்தான். கண்ணாக உட்கார யாருமில்லை. ஆட்டத்தில் வரும் மீன் சந்தைக்கு வந்து சேர்வதற்குள் தங்கப்பன் மூன்று முறை செத்துவிட்டான்.

தெருவில் பேச்சுச் சத்தம் கேட்டது. தையல்கடைக்காரர் யாரையோ ஆசீர்வாதம் செய்தார். அஜீஷின் குரல் சிரித்தது.

ராமர் எழுந்தான். "இதைக் கொஞ்சம் பிடி," என்று ரிமோட்டைக் காளியம்மையின் கையில் வைத்தான்.

"எனக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரிய வேண்டாம். விரலை இந்தப் பொத்தான் மேல வை. அதை விட்டுடாதே. விட்டா துப்பாக்கி கீழ இறங்கிடும், அவன் காலி."

அவன் போய் வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். அஜீஷ் எதிர்ச் சாரியில் வந்துகொண்டிருந்தான். புதுச் சட்டை, கறுப்புக் குடை. தையல்கடையிலிருந்து சாயாக்கடைக்கு ஏறினான். அங்கிருந்து இறங்கி, ஊறுகாய் விற்கிற வீட்டின் கதவைத் தட்டினான். ராமர் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்தது பூட்டிய கிடங்கு. அதற்குப் பிறகு தெரு திரும்பிவிடும்.

"ஏங்க," என்றாள் காளியம்மை. "ஒருத்தி வர்றா."

"ம்."

"பனிக்குள்ள இருந்து வர்றா. தலை எல்லாம் நனைஞ்சிருக்கு. கையை நீட்டிக்கிட்டு வர்றா."

"சுடு. எல்லாரும் அவளைச் சுட்டுட்டுத்தான் போவாங்க."

"எந்தப் பொத்தான்?"

ராமர் திரும்பவில்லை. அஜீஷ் ஊறுகாய் வீட்டிலிருந்து வெளியே வந்து குடையை விரித்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க, கிட்ட வந்துட்டா!"

காளியம்மை எதையும் யோசிக்கவில்லை. எதிரில் ஒரு ஆள் நடந்து வருகிறாள். அவள் கைகள் இத்தனை வருஷம் செய்ததையே செய்தன. விரல் பொத்தானை விட்டது. தங்கப்பனின் துப்பாக்கி தாழ்ந்தது. அவன் ஓரமாக நின்றான்.

அந்தப் பெண்ணும் நின்றாள். நீட்டிய கைகளைக் கீழே விட்டாள். தங்கப்பனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவனைத் தாண்டி நடந்துபோய், சற்றுத் தூரத்தில் திரும்பிப் பார்த்தாள்.

"வான்னு கூப்பிடுறா. போகட்டுமா?"

ராமர் தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவளே போனாள். தங்கப்பனை ஒரு சுவரில் முட்ட வைத்தாள், ஒரு கூடைமேல் ஏற்றப் பார்த்தாள், மறுபடியும் சுவரில் முட்ட வைத்தாள். அந்தப் பெண் பொறுமையாகக் காத்திருந்தாள். மீன் சந்தைக்குப் பின்னால், அதுவரை யாரும் பார்த்திராத ஒரு சந்து. சந்தின் முடிவில் ஒரு மரக்கதவு. அது டப்பென்று திறக்கவில்லை. மெல்ல, மிக மெல்ல, பழைய கதவு போலத் திறந்தது.

உள்ளே ஒரு ராந்தல் எரிந்துகொண்டிருந்தது. இசை தொடங்கியது.

ராமர் திரும்பினான். டி.வி.யைப் பார்த்தான். காளியம்மையைப் பார்த்தான்.

"என்னடி செஞ்சே?"

"நான் ஒண்ணும் செய்யலை," என்றாள் அவள் பயந்துபோய். "ஆள் வந்தா. தாழ்த்திட்டேன்."

அவ்வளவுதான் விஷயம். எத்தனையோ பேர் அந்தச் சந்தையைக் கடந்து போயிருந்தார்கள். ஒருவனுக்கும் அது தோன்றவில்லை. முதல் பாகத்தில் துப்பாக்கியைத் தாழ்த்தினால் சாவு. அதைப் படித்துக்கொண்ட பிறகு, இரண்டாம் பாகத்தில் உதவி செய்ய வந்தவளையும் எல்லோரும் சுட்டுவிட்டு, விளக்கறை இல்லை, முடிவு சரியில்லை, படகு போய்விட்டது என்று குறை சொன்னார்கள்.

இருக்கிறது! அஜீஷ் இல்லை என்று சொன்னது இருக்கிறது! அத்தனை பேர் முன்னால் கேலி செய்தானே, இப்போது வரட்டும்! ஒரு வாக்கியம் நாக்கு நுனியில் வந்து நின்றது. ராமர் வாசலுக்குத் திரும்பினான்.

அஜீஷ் தெருமுனையில் திரும்பவில்லை. சிமெண்டுப் பலகைக்கு அந்தப் பக்கம், குடைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தான். பலகைமேல் கால் வைக்கவில்லை. கையில் பாலிதீன் பை ஒன்று நனைந்துகொண்டிருந்தது.

"போயிட்டு வரேன்னு சொல்ல வந்தேன்," என்றான் மழைச் சத்தத்துக்கு மேல். "இங்க இருந்தே சொல்லிடறேன்."

ராமர் வாயைத் திறந்தான். 'இல்லைன்னியே, வந்து பாருடா' என்று சொல்லத் தயாராக இருந்த வாய். அப்போது அஜீஷ் தலையைச் சாய்த்து எதையோ கேட்டான். அவன் முகம் மாறியது.

"அந்தப் பாட்டு," என்றான். "பழசு போட்டிருக்கியா?"

பழைய ஆட்டத்தை, தான் ஊரைவிட்டுப் புறப்படுகிற நாளில், ராமர் எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று அவன் நினைத்துக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது. மழையினால் என்று சொல்ல முடியாது. குடை நன்றாகத்தான் இருந்தது.

ராமர் வாயை மூடிக்கொண்டான். ஜெயித்ததைச் சொல்ல ஒரே நொடி போதும். அந்த ஒரு நொடிக்குப் பிறகு அஜீஷ் திரும்பிப் போவதையும், பிறகு எத்தனையோ வருஷம் அந்தப் பலகை அங்கேயே கிடப்பதையும் அவன் பார்த்துவிட்டான். நல்ல நேரத்தில் சில காட்சிகளைத் தெய்வம் முன்கூட்டியே காட்டிக் கொடுக்கும்.

"உள்ள வாடா," என்றான்.

"கால் வைக்கக் கூடாதுன்னு சொன்னது நீ."

"ஆமா, நான்தான் சொன்னேன்."

ராமர் வெறுங்காலோடு வாசலை விட்டு இறங்கினான். பலகையைத் தாண்டி மழையில் போய், அஜீஷின் குடைக்குள் நுழைந்து நின்றான். குடை சின்னது. இருவருக்கும் ஒவ்வொரு தோள் நனைந்தது.

"இப்ப நானும் வெளியிலதான் இருக்கேன்," என்றான். "வா, சேர்ந்து போவோம்."

"புதுச் சட்டைடா, நனைக்காதே."

"உன் பட்டன் எல்லாம் பத்திரமா இருக்கா?"

அஜீஷ் சிரித்துவிட்டான். இருவரும் ஒன்றாகப் பலகையில் கால் வைத்தார்கள். உள்ளே வந்ததும் அஜீஷ் டி.வி.யைப் பார்த்தான். நொண்டுகிற தங்கப்பன். சன்னலில் புது மழை. நடுவில் ராந்தல்.

"எடா. இது ரெண்டுதானே?"

"ரெண்டுதான்."

"விளக்கறை இருக்கு."

"இருக்கு. இவதான் கண்டுபிடிச்சா."

"சேச்சி?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே," என்றாள் காளியம்மை. "அந்தப் பொண்ணுதான் கூட்டிட்டு வந்துச்சு. சாயா ஆறுது, குடிங்க."

அஜீஷ் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தான். ராமர் பக்கத்தில். அவன் ஏதாவது சொல்வான் என்று அஜீஷ் காத்திருந்தது தெரிந்தது.

"குண்டு ஜாஸ்திதான்," என்றான் ராமர். "நீ சொன்னது சரி. அவ்வளவு குண்டைக் கையில கொடுத்தா எவனும் பார்க்க மாட்டான், சுடத்தான் செய்வான். நானும் அவளை அப்படித்தான் சுட்டேன்."

"மழை நல்லா இருக்குடா," என்றான் அஜீஷ். "அன்னைக்கே தோணுச்சு. சொல்லத்தான் இல்லை." சாயாவைக் குடித்தான். பிறகு மெதுவாக, "கடைக்காரன்னு சொன்னேன் இல்லையா…"

"கடைக்காரன்தானேடா நான். அதுல என்ன தப்பு?"

"அது இல்லை."

"தெரியும். குடி."

அஜீஷ் பாலிதீன் பையைத் திறந்தான். உள்ளே டிஸ்டில்ட் வாட்டர் பாட்டில் ஒன்று இருந்தது. அவன் எழுந்து போய், மூலையில் இருந்த பேட்டரியின் மூடிகளை ஒவ்வொன்றாகத் திருகித் திறந்து, குனிந்து பார்த்தான்.

"பாவி. ஒரு சொட்டு ஊத்தலையே நீ!"

"உன் வேலைதானே அது."

"இனிமே யார் வேலை?"

ராமர் எழுந்து வந்து அவன் பக்கத்தில் குந்தினான். "எவ்வளவு ஊத்தணும்னு சொல்லு," என்றான், தெரியாதவன் போல. அஜீஷும் தெரியாதவனுக்குச் சொல்வது போலச் சொன்னான். இவன் ஊற்றினான், அவன் பார்த்தான். "மதி, மதி. நில்லு. அடுத்தது."

அவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தபோதும் இசை போய்க்கொண்டிருந்தது. விளக்கறையின் மறுபக்கத்தில் இன்னொரு கதவு தெரிந்தது. அதற்கு அப்பால் படகு காத்திருக்கலாம். ஒருவேளை இந்த முறை தங்கப்பனை ஏற்றிக்கொண்டு போகலாம். காளியம்மை ரிமோட்டை அஜீஷிடம் நீட்டினாள்.

"அந்தக் கதவைத் திறங்கண்ணே. என்ன ஆகுதுன்னு பார்ப்போம்."

அஜீஷ் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டான்.

"இருக்கட்டும் சேச்சி. இங்க ஒண்ணும் வராது. கொஞ்சம் உட்காருவோம்."

தெருவில் ஒரு வண்டி வந்து நின்றது. பிச்சைமணி தலையை நீட்டி, "ஏர்போர்ட்டுக்குக் கார் வந்து நிக்குது, உங்க அம்மா தேடுறாங்க!" என்றார். பிறகுதான் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தார். பேசாமல் ஆட்டோவை அணைத்துவிட்டு, மழையில் இறங்கி வந்து, பலகைமேல் செருப்பை விட்டுவிட்டு உள்ளே நுழைந்தார்.

"இவன்தான் தங்கப்பனா?" என்று டி.வி.யைப் பார்த்துக் கேட்டார். "பரவாயில்லை. நல்ல பையனாத்தான் தெரியுறான்."

காளியம்மை அவருக்கும் ஒரு சாயா ஊற்றினாள்.